எடைமேடை அம்மா கேட்ட மணி

"அம்மா, என் கை கையெழுத்துப் போட மாட்டேங்குது."

வக்கீல் அருஞ்சுனை வலது கையைத் தூக்கிக் காட்டினார். கொலை ஆயுதத்தைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டுகிற அதே தோரணை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா கையைப் பார்க்கவில்லை. அதில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார்.

"மணி என்ன?"

"மூணரை."

"ம்."

அவ்வளவுதான்.

அருஞ்சுனைக்குச் சிலிர்த்துவிட்டது. கேட்டுவிட்டார்! தன்னிடமும் கேட்டுவிட்டார்!

அந்தக் கேள்விக்காகத்தான் ஊர்ப்பட்ட கார்கள் அந்த பைபாஸ் ரோட்டோரம் வந்து நின்றன. மடம் இல்லை, கோயில் இல்லை. மூடிப்போன ஒரு எடைமேடை. லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கிற பெரிய இரும்புத் தகடு, பக்கத்தில் ஓர் அறை. எடைமேடை ஓடின காலத்தில் அம்மா அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். முதலாளி மூடிவிட்டுப் போனார். அம்மா போகவில்லை.

யார் வந்தாலும் தகட்டின்மேல் உட்கார வேண்டும். யார் உட்கார்ந்தாலும் அம்மா கேட்பது ஒன்றுதான்.

மணி என்ன?

முதலில் மாட்டியவர் ஒரு லாரி டிரைவர். "அஞ்சும்மா" என்றார். என்ன நினைத்தாரோ, பொசுக்கென்று அழுதார். வண்டியைத் திருப்பிக்கொண்டு எட்டு மாதமாகப் போகாத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு ஒவ்வொரு டீக்கடையிலும் சொன்னார். முடிந்தது கதை.

பேங்க் மேனேஜர் ஒருவர் வந்தார். "அம்மா டைம் மேனேஜ்மென்ட்டைத்தாங்க ஒத்தை வரியில சொல்றாங்க. எங்க ட்ரெயினிங்ல மூணு நாளா ஓட்டுவாங்க!"

சென்னையிலிருந்து யோகா டீச்சர் ஒருவர் வந்தார். "இந்த்த நிமிஷத்துல இருங்கறாங்க, ப்பா. சோ பியூட்டிஃபுல்." கண்ணை மூடித் திறந்தபோது செருப்பைக் காணோம்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் வைத்தியலிங்கம். ஆறு வருஷமாகத் தினமும் வந்து, நோட்டும் பேனாவுமாக அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களுக்கு உரை சொல்வது அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

"ஹ்ஹ்ம். 'மணி என்ன' என்பது வினா அன்று. அதுவே விடை. காலம் என்று ஒன்று உண்டா என்பதே அம்மையின் உட்கிடை."

அம்மா யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. மணியைக் கேட்டுக்கொள்வார். "ம்" என்பார். சில சமயம் உடனே எழுந்து போய் உலை வைப்பார்.

அதற்கும் பேராசிரியர் நோட்டில் அரைப்பக்கம் எழுதியிருந்தார்.

அருஞ்சுனை கையை இறக்கிக்கொண்டார்.

"டாக்டர்கிட்டப் போனேன்மா. நரம்பு டாக்டர். சின்னச் சுத்தியலால முட்டி முட்டியாத் தட்டினாரு. ஒண்ணுமில்லைன்னுட்டாரு. செக்குல போடுறேன், நல்லா வருது. வக்காலத்துல போடுறேன், வருது. இந்த ஒரு பேப்பர்ல மட்டும் பேனாவை வச்சா கை அப்படியே நின்னு போகுது. பதினோரு நாளாச்சு."

"என்ன பேப்பர்?"

"விண்ணப்பம்மா. ஐகோர்ட்டுல 'மூத்த வழக்கறிஞர்'னு ஒரு அந்தஸ்து குடுப்பாங்க. அங்கியே வேற மாதிரி இருக்கும். கனவும்மா அது, முப்பத்தோரு வருஷக் கனவு. இன்னைக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள மதுரையில குடுத்தாகணும். நாலு மணிக்கு இங்க கெளம்பினாத்தான் சரியாயிருக்கும்."

"கையெழுத்து வரலைன்னா கைநாட்டு வைங்களேன்."

பேராசிரியர் "ஆகா!" என்று நோட்டைத் திறந்தார்.

அருஞ்சுனை சிரித்தார். "வக்கீல் கைநாட்டு வச்சா ஊரே சிரிக்கும்மா."

"ஆமா. சிரிக்கும்" என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமர நிழலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க டிரைவரு ரெண்டாவது வடையை எடுக்குறாரு. வாங்கிட்டு வந்த பொட்டலம் உங்களுக்கா?"

அருஞ்சுனை திரும்பிப் பார்த்தார். கார் தெரிந்தது. காருக்குள் ரபீக்கின் தலை மங்கலாகத் தெரிந்தது. வடையாவது, பொட்டலமாவது!

"டேய் ரபீக்!" என்று கத்தினார்.

காருக்குள்ளிருந்து வாய் நிறைந்த குரல் ஒன்று வந்தது. "ழார்?"

"அடேயப்பா, என்ன கண்ணும்மா உங்களுக்கு!" என்றார் அருஞ்சுனை.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"பேப்பர்ல என்ன இருக்கு?"

அருஞ்சுனை விண்ணப்பக் காகிதக் கட்டை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

பேராசிரியர் குனிந்து கிசுகிசுத்தார். "அம்மை ஏடு தொடுவதில்லை. கல்லாமல் கற்றவர். நீங்களே வாசியுங்கள்."

வாசித்தார். கோர்ட்டுக் குரலில், மூச்சு விடாமல்.

"பெயர், அருஞ்சுனை. வயது ஐம்பத்தாறு. தொழில் ஆண்டுகள் முப்பத்தொன்று. தன்னிடம் தொழில் பயின்ற இளம் வழக்கறிஞர்கள் பத்தொன்பது பேர். நடத்திய கொலை வழக்குகள் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் விடுதலை தொண்ணூற்றேழு…"

"அந்தத் தொண்ணூத்தேழு பேரும் ஒண்ணும் செய்யலையா?"

"அது நம்ம வேலை இல்லம்மா. செஞ்சான்னு காட்டுறது அரசு தரப்பு வேலை. காட்டலைன்னா விட வேண்டியதுதான். சட்டமே அதான்."

"ம்."

"அப்புறம், குறிப்பிடத்தக்க பத்து வழக்குகள். கடைசியில ஒரு உறுதிமொழி. 'மேலே கண்டவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.' அதுக்குக் கீழதான் கையெழுத்து. அங்கதான் கை நிக்குது."

"முத வழக்கு என்ன?"

அருஞ்சுனையின் முகம் மலர்ந்துவிட்டது. கைக் கவலையெல்லாம் எங்கேயோ போனது. எழுந்து நின்றுவிட்டார்.

முதல் வழக்கு என்றால் அவருக்கு அல்வா. வக்கீல் சங்கத்து விழா எதுவானாலும், "சார், அந்தக் கடிகாரத்தை ஒரு தடவை!" என்று கத்துவார்கள். அவரும் ரொம்பக் கேட்டுக்கொண்டதற்காக ஒத்துக்கொள்கிற மாதிரி மேடையேறுவார். எல்லாக் குரலும் அவரே. ஜட்ஜுக்கு மூக்கால் ஒரு குரல், அரசு வக்கீலுக்குக் கொட்டாவியில் ஒரு குரல், சாட்சிக்குக் கீச்சுக்குரல். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் எவனாவது ஒரு ஜூனியர் கேட்பான். "அந்தக் கேள்வி எப்படி சார் தோணுச்சு?"

"தோணுச்சு" என்பார், நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு. அதற்கு ஒரு கைதட்டல் தனியாக விழும்.

இரும்புத் தகடு இப்போது மேடையானது.

"கொலை வழக்கும்மா. கிணத்து மேட்டுல பட்டப்பகல்ல ஒருத்தனைக் குத்திப்புட்டாங்க. குத்தினதுன்னு நிக்கிறது பஞ்சாயத்துத் தலைவர் மகன். பார்த்த சாட்சி ஒரே ஒரு பொம்பளை. செத்தவனுக்கு அக்கா. என் சீனியருக்கு அன்னைக்குன்னு பார்த்துக் காய்ச்சல். 'நீயே போய்ச் சமாளிடா'ன்னுட்டாரு. எனக்கு மீசை கூடச் சரியா முளைக்கலை. சாட்சி கூண்டுல ஏறுது. நான் எந்திரிச்சேன்."

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கோட்டு போட்டிருக்கவில்லை. ஆனாலும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"'ஏம்மா, நீ நின்ன இடத்துக்கும் சம்பவம் நடந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம்?'

"'ஒரு அறுவது அடி இருக்கும் சாமீ…'"

கீச்சுக்குரல். இடுப்பை வளைத்து, இல்லாத முந்தானையை முறுக்கிக்கொண்டார். பேராசிரியர் குபுக்கென்று சிரித்துவிட்டார்.

"'அறுபதடியில என்னத்தப் பார்த்தே?'

"'இடது கையில கத்தி சாமீ… கத்திப் பிடியில செவப்புத் துணி சுத்தியிருந்துச்சு சாமீ…'

"'பிடியில சிவப்புத் துணி! அடடா! கழுகுக் கண்ணு! சரி, ஜட்ஜ் ஐயா தலைக்கு மேல சுவத்துல ஒரு கடிகாரம் இருக்கு பாரு. பதினஞ்சடிதான். மணி எத்தனைன்னு கோர்ட்டாருக்குச் சொல்லு.'"

அருஞ்சுனை நிறுத்தினார். கழுத்தை அண்ணாந்து, வாயைப் பாதி திறந்து, மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மௌனத்தை அவர் அணுஅணுவாகப் பழகி வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. முழுசா ஒரு நிமிஷம். பொம்பளை வாயே திறக்கலை. கோர்ட்டே கப்சிப். நான் விடுவேனா? 'பதில் சொல்லும்மா. கோர்ட்டு காத்திருக்கு.'

"பின்னாடி பெஞ்சில ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. ஜட்ஜ் கூடக் கர்ச்சீப்பை வாயில வச்சுக்கிட்டாரு. அப்பத்தான் அந்தப் பொம்பளை கூண்டுக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு…"

மறுபடி நிறுத்தினார். இந்த இடத்தில் மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த வரியைச் சொல்வார். அதற்குத்தான் சிரிப்பு வெடிக்கும்.

ஒன்று.

இரண்டு.

"எனக்குத் தலை சுத்துது சாமீ. கொஞ்சம் தண்ணி குடுங்க."

அடுத்த வரி வந்துவிட்டது.

அருஞ்சுனை வாயைத் திறக்கவே இல்லை.

"பலே!" என்று பேராசிரியர் கைதட்டினார். "அம்மையும் நடிக்கிறார்களே!" இரண்டாவது தட்டு பாதியில் நின்றது.

அம்மா நடிக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீச்சுக்குரலும் இல்லை. அடித்தொண்டையில் கீறல் விழுந்த, கனத்த குரல். முப்பத்தோரு வருஷம் நகலை வைத்துப் பிழைத்தவருக்கு அசலைக் கேட்டால் தெரியாதா?

"இது… இது யாரு சொன்னாங்க உங்களுக்கு? பேப்பர்ல வந்துச்சே, அதுல…"

"தண்ணி குடுக்கலை."

"என்ன?"

"கேட்டேன்ல? தண்ணி. யாரும் குடுக்கலை."

தகடு காலுக்கடியில் கிறீச்சிட்டது. அருஞ்சுனை உட்கார்ந்துவிட்டிருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"உங்க பேரு…"

"அந்தக் கட்டுல இருக்குமே. பாருங்க."

பார்த்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஜட்ஜ் பெயர் இருந்தது. சீனியர் பெயர் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. சாட்சியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'அரசு தரப்பு இரண்டாம் சாட்சி' என்று மட்டும் இருந்தது.

"ஒச்சம்மா" என்றார் அம்மா. "செத்தது கட்டாரி. என் தம்பி. தலைவர் மகன் வெளிய வந்த அன்னைக்கு எங்க தெருவுல வேட்டுப் போட்டாங்க. கண்ணு தெரியாதவன்னு என்னைய நண்டுசிண்டு எல்லாம் கூப்பிட்டுச்சு. எட்டு நாள் இருந்து பார்த்தேன். அப்புறம் நடந்துட்டேன்."

பேராசிரியரின் பேனா நோட்டின்மேல் நின்ற இடத்திலேயே நின்றது. மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

அருஞ்சுனைக்குச் சட்டென்று ஒரு பிடி கிடைத்தது. வக்கீல் அல்லவா!

"அம்மா, ஒரு நிமிஷம். உங்களுக்கு அப்ப உண்மையிலேயே கண்ணுல கோளாறு இருந்திருக்கணும். இப்ப நல்லாத் தெரியுதுன்னா, இடையில ஆபரேஷன் பண்ணியிருப்பீங்க. இலவச முகாம்ல எங்கயாவது. பண்ணியிருப்பீங்கள்ல?"

"இல்ல."

"கண்ணாடி?"

"இல்ல."

"சொட்டு மருந்தாவது…"

"வடை எத்தனை மிச்சம்னு சொல்லட்டுமா?"

பிடி நழுவியது. அருஞ்சுனை கட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்தார். குரல் அவரிடமிருந்து வந்ததா, வேறு யாரிடமாவது இருந்து வந்ததா என்று சந்தேகமாயிருந்தது. அத்தனை சின்னதாக இருந்தது.

"இந்த முதல் வரியை அடிச்சுடுறேன்மா. இது இல்லாமப் போட்டுடுறேன்."

"அடிங்க. மத்ததுக்குக் கை வருமா?"

யோசித்தார். இரண்டாவது வழக்கு எப்படி வந்தது? தலைவர் வீட்டுச் சம்பந்தி அனுப்பினார். மூன்றாவது? கடிகாரக் கேள்வியைக் கேள்விப்பட்டு ஜெயிலிலிருந்தே ஒருவன் எழுதினான். நாலாவது? மூன்றாமவனின் மச்சான். முதல் செங்கலை உருவினால் மேலே ஒன்பதும் எதன்மேல் நிற்கும்?

"ஏன்மா…" அருஞ்சுனை கட்டை மூடிவைத்தார். "ஏன் அன்னைக்கே சொல்லலை? 'எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், கடிகாரம் பார்க்கத்தான் படிக்கலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை கூண்டுல சொல்லியிருந்தா போதுமே. ஜட்ஜ் கேட்டிருப்பாரே."

"அத்தனை பேரு சிரிக்கையில வாய் எங்க வரும்?"

அம்மா சாதாரணமாக, குழம்புக்கு உப்புக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆமா, அந்தக் கேள்வி எப்படித் தோணுச்சு?"

"தோணுச்சு."

முப்பத்தோரு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை தானாகச் சந்தனத்துக்குப் போனது. போன கை நெற்றியிலேயே நின்றது.

"அன்னைக்குச் சம்மன்ல பதினோரு மணின்னு போட்டிருக்குன்னு சொன்னாங்க" என்றார் அம்மா. "விடியக் கெளம்பி, ரெண்டு பஸ் மாறி வந்தேன். நேரம் தப்பிருச்சுன்னா என் தம்பிக்காகப் பேச ஆளில்லாமப் போயிருமேன்னு கிடுகிடுங்குது. கோர்ட்டு வராண்டாவுல பெரிய கடிகாரம் ஒண்ணு தொங்கிச்சு. அதுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டு, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் மணி கேட்டேன். எவனும் நிக்கலை."

நெற்றியில் நின்ற கையை அருஞ்சுனை மெல்ல இறக்கினார்.

"ஒருத்தரு மட்டும் நின்னாரு. புதுக் கறுப்புக் கோட்டு. மீசை கூடச் சரியா முளைக்கலை. கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாரு. கீழ நிக்கிற என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. 'பத்தே முக்கால்க்கா. இன்னும் காமணி இருக்கு, பயப்படாதீங்க'ன்னாரு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல தம்பின்னு நெனச்சேன்."

ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. தகடு அதிர்ந்தது. பேராசிரியர் நோட்டை மூடினார். ஆறு வருஷத்து நோட்டு. மூடின கையோடு, 'மணி என்ன' என்பதற்கு எழுதிய அத்தனை உரையையும் தொடையின்மேல் வைத்து அமுக்கிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

புளியமரத்தடியிலிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. ஒரு தடவை. ரெண்டு தடவை. ரபீக் கதவைத் திறந்து வெளியே வந்து கையைக் கையை ஆட்டினான். கிளம்ப வேண்டுமாம்.

அம்மா முன்னால் குனிந்தார்.

"மணி என்ன, தம்பி?"

அருஞ்சுனை மணிக்கட்டைத் திருப்பினார். வாட்சைப் பார்த்தார். சின்ன முள் தெரிந்தது. பெரிய முள் தெரிந்தது. ஓடுகிற முள் ஓடுவதும் தெரிந்தது. பன்னிரண்டு எண்களும் பளிச்சென்று தெரிந்தன.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஹார்ன் மறுபடி அடித்தது.

ஓடுகிற முள் ஒரு சுற்று முழுதாக வந்து முடித்தது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லாத கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த குரல் ஒச்சம்மாவுடையது அல்ல. இருபத்தைந்து வயது இளவட்டக் குரல், வெற்றி பெறப்போகிற குரல். அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அருஞ்சுனைக்குத் தெரியும்.

"பதில் சொல்லும்மா. கோர்ட்டு காத்திருக்கு."